கஞ்சி போட்ட கம்பளம்

கனகம் அக்காவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் எனக்குக் கஷ்டமே இல்லை. கை சுத்தம், வீடு சுத்தம், அவள் வைத்த ரசம் தெருமுனை வரை மணக்கும். கெட்டதாக ஒன்று சொல்லச் சொன்னாலும் கஷ்டமில்லை. கங்கா வீட்டில் ஒரு புது டம்ளர் வந்தால்கூட அன்றைக்கு அக்காவுக்குச் சோறு இறங்காது.

கங்கா வேறு யாருமில்லை, அக்காவின் ஓரகத்தி, கொழுந்தன் பெண்டாட்டி. படப்பைக் கடைத்தெருவுக்குப் பின்னால் அவர்கள் வீடு. மாமனார் இருந்தவரை ஒரே வீடு. அவர் போனதும் நடுவில் சுவர் எழுப்பி இரண்டாக்கிக்கொண்டார்கள். இந்தப் பக்கம் அண்ணன் நடேசன், அந்தப் பக்கம் தம்பி கோதண்டம். இரண்டு பேருக்கும் மறைமலை நகரில் ஒரே கம்பெனி. அண்ணன் மிஷினில் நிற்பார், தம்பி அந்த லைனுக்கே சூப்பர்வைசர். ஒரே கம்பெனி பஸ்ஸில் ஏறி, தூங்கி வழிந்து, ஒன்றாக இறங்கி வருவார்கள். அவர்களுக்குள் ஒரு மனத்தாங்கலும் கிடையாது. அதையெல்லாம் அக்காவே மொத்தமாகக் குத்தகைக்கு எடுத்திருந்தாள்.

நான் செங்கமலம். அக்கா வீட்டு முன்னறையில் குடியிருந்து ஜாக்கெட் தைத்தேன். சுவருக்கு இரண்டு பக்கமும் என்னிடம்தான் தைக்கக் கொடுப்பார்கள், அதனால் இரண்டு பக்கத்துக் கதையும் எனக்கு வந்துவிடும். எனக்கும் பொறாமை உண்டு, மறைப்பானேன்? அந்த இரண்டு வீட்டிலும் இருந்த சாமான் ஒன்றுகூட என்னிடம் இல்லை. ஆனால் உட்கார்ந்து பொறாமைப்பட எனக்கு நேரம் கிடைத்ததில்லை.

கங்காவிடம் எல்லாம் இருந்தது. கலர் டிவி, கிரைண்டர், கதவில் கண்ணாடி வைத்த பீரோ. ஒவ்வொன்றும் வந்து இறங்குகிற அன்றைக்கு, அக்கா கொல்லையில் பாத்திரம் துலக்குகிற சத்தம் தெருவுக்கே கேட்கும். கங்காவிடம் இல்லாத ஒன்று அக்காவிடம் இருந்தது. அதுதான் கம்பளம்.

அக்காவின் தம்பி குவைத்தில் டிரைவராக இருந்தான். லீவில் வந்தபோது தோளில் சுமந்துகொண்டு வந்தான். சிவப்பில் வெள்ளைப் பூப்போட்டு, கால் வைத்தால் புதைகிற மாதிரி இருக்கும். அப்புறம் அங்கே சண்டை வந்து, போட்டிருந்த சட்டையோடு ஊருக்குத் திரும்பி, இப்போது வாலாஜாபாத்தில் லாரி ஓட்டுகிறான். அவன் அரபு நாட்டில் சம்பாதித்ததில் மிஞ்சியது அக்கா வீட்டில் சுருட்டி வைத்திருந்த அந்தக் கம்பளம் ஒன்றுதான். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் விரிப்பாள். மற்ற நாளில் பழைய புடவை சுற்றிக் கட்டிலுக்குக் கீழே கிடக்கும்.

முதல் நாள் விரித்தபோது கங்காவும் பார்க்க வந்தாள். செருப்பைத் தெருவிலேயே விட்டுவிட்டு, ஓரமாக நின்று, கட்டைவிரலால் மட்டும் தொட்டுப் பார்த்தாள்.

"நல்லாத்தான்க்கா கீது. தூசி சேந்தா இன்னா பண்ணுவ?" என்றாள்.

அவ்வளவுதான் கேட்டாள். "பாத்தியாடி, வயிறு எரியறத! தூசி சேரணும்னு சாபம் குடுத்துட்டுப் போறா" என்று அக்கா அன்று முழுக்கப் பேசினாள். வயிறு எரிந்தது உண்மைதான். மறுவாரம் ஜாக்கெட் அளவு கொடுக்க வந்த கங்கா, "அந்தக் கார்பெட்டு இன்னா வெலடி இருக்கும்? மெட்ராஸ்ல கெடைக்குமா?" என்று என்னிடம் மூன்று தரம் கேட்டாள்.

இப்படி இருக்கும்போதுதான் தென்றலுக்கு வரன் வந்தது. தென்றல் அக்காவின் ஒரே மகள். டைப்ரைட்டிங் முடித்துவிட்டு மறைமலை நகரில் ஒரு கம்பெனி ஆபீசில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை திருமலை, பக்கத்துக் கம்பெனியில் பிட்டர். ஒரே பஸ் நிறுத்தம். இதற்குமேல் நான் சொல்ல வேண்டியதில்லை. பெரியவர்கள் பார்த்துப் பேசினது மாதிரியே எல்லாம் நடந்தது, ஆனால் ஜாதகம் பொருந்திவிட்டது என்று தெரிந்த அன்று தென்றல் என் மிஷின் பக்கத்தில் உட்கார்ந்து காரணமே இல்லாமல் சிரித்துக்கொண்டிருந்தாள். அதற்கு முன் இரண்டு வரன் வந்து, டிபன் சாப்பிட்டு, பதில் சொல்லாமல் போயிருந்தார்கள். இதுவும் போனால் அந்தப் பெண் தாங்கமாட்டாள் என்று எனக்குத் தெரியும். அக்காவுக்கும் தெரியும்.

ஆவணி முதல் ஞாயிற்றுக்கிழமை வருகிறோம் என்று மாப்பிள்ளையின் அம்மா தாயாரம்மாள் சொல்லி அனுப்பினாள். காஞ்சிபுரம் பக்கத்துக்காரி. வீட்டைப் பார்த்து, மனுசாளைப் பார்த்து, திருப்தியானால்தான் கை நனைப்பாளாம். அதாவது இலை போட்டுச் சாப்பிட்டால் சம்பந்தம் உறுதி. வெறும் தண்ணீர் குடித்துவிட்டு எழுந்தால் அத்தோடு சரி.

"கார்பெட்ட விரிச்சி அதுலதான் உக்கார வெக்கணும்" என்று அக்கா கட்டிலுக்குக் கீழிருந்து கம்பளத்தை இழுத்துப் பிரித்தாள். பிரித்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

நடுவில் ஒரு ஆள் படுத்த அச்சு இருந்தது. கறுப்பாக, தலை, முதுகு, கால் எல்லாம் தெளிவாக. பொங்கலன்று நைட் ஷிப்ட் முடிந்து யூனிபாரத்தோடு வந்த நடேசன் மாமா, விரித்திருந்த கம்பளத்தில் அப்படியே சாய்ந்து தூங்கியிருக்கிறார். சட்டையில் இருந்த மிஷின் ஆயில் எல்லாம் இறங்கி, பயத்தில் அவரே சுருட்டி வைத்துவிட்டார்.

"மெத்துனு இருந்திச்சிடி, கண்ண அசத்திடிச்சி" என்றார் மாமா.

"உங்கள அதுலயே சுருட்டிப் போடறேன் பாருங்க" என்றாள் அக்கா.

கம்பளத்தை எப்படிச் சுத்தம் செய்வது என்று அந்தத் தெருவில் யாருக்குத் தெரியும்? கோரைப்பாயைத் துடைக்கத் தெரியும், ஜமக்காளத்தைத் துவைக்கத் தெரியும். அன்று முதல் ஆளாளுக்கு ஒரு வழி சொன்னார்கள். தடியால் அடித்தால் தூசி போகும் என்று பால்காரர் சொன்னார். அக்கா கம்பளத்தைக் கொல்லைச் சுவரின்மேல் போட்டு, துவரங்குச்சி விளக்குமாறு எடுத்து வெளுத்தாள். தூசியெல்லாம் காற்றோடு அந்தப் பக்கம் போய், கங்கா காயவைத்திருந்த வடகத்தின்மேல் உட்கார்ந்தது.

"யக்கா! வடகம் காயப்போட்டுகீறேன், கண்ணு தெரியலயா?" என்று கங்கா கத்தினாள்.

"என் சொவுரு, என் கார்பெட்டு" என்றாள் அக்கா. தூசி போயிற்று. எண்ணெய் போகவில்லை.

பழைய டீத்தூளை ஈரத்தோடு தூவிப் பெருக்கினால் அழுக்கை இழுக்கும் என்று நான்தான் ஒரு பத்திரிகைத் துணுக்கில் படித்துச் சொன்னேன். டீக்கடையிலிருந்து ஒரு சட்டி நிறைய வாங்கி வந்து தூவினோம். அழுக்கை இழுத்ததோ இல்லையோ, வெள்ளைப் பூவெல்லாம் டீ குடித்துவிட்டது. கம்பெனியில் எதுவாக இருந்தாலும் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்து, காற்று அடித்தால் பளிச்சென்று ஆகிவிடும் என்றார் மாமா. அந்தக் காற்றுக் குழாயைக் கம்பெனியிலிருந்து பஸ்ஸில் கொண்டுவருவீர்களா என்று அக்கா கேட்டதும் பேப்பரை எடுத்து விரித்துக்கொண்டார். தாம்பரத்தில் டிரை வாஷ் கடைக்காரன், அது மெட்ராஸுக்குப் போய் வர வேண்டும், ஞாயிற்றுக்கிழமைக்குள் ஆகாது என்றுவிட்டான்.

இத்தனைக்கும் சரியான வழி சுவருக்கு அந்தப் பக்கமே இருந்தது. அதைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள்.

அதற்கு ஒரு மாதம் முன்னால், கழுத்தில் டை கட்டி வியர்த்துக் கொட்டிக்கொண்டு ஒரு பையன் பெட்டியோடு தெருவில் வந்தான். தூசி உறிஞ்சுகிற மிஷின். எங்கள் தெருவில் எல்லாரும் கதவைச் சாத்தினார்கள். கங்கா உள்ளே கூப்பிட்டாள். அவன் குழாய் வாயில் வெள்ளைத் துணி கட்டி, மெத்தையில் தேய்த்து, துணியில் ஒட்டின தூசியைக் காட்டினான். "கார்பெட் இருக்கிற வீட்டுக்குத்தான் மேடம் இதோட அருமை தெரியும். தண்ணியே படக்கூடாது கார்பெட்டுக்கு" என்று அவன் சொன்னதை, சுவரில் காதை வைத்துக்கொண்டிருந்த அக்காவும் நானும் கேட்டோம். கங்கா தவணையில் வாங்கிவிட்டாள். வீடு முழுக்க சிமெண்ட் தரை, ஒரு கால்மிதிகூடக் கிடையாது. அவளுக்கு எதற்கு அந்த மிஷின்?

"எனக்குக் காட்டறதுக்குத்தான்டி வாங்கிகீறா. கார்பெட்டு என் வூட்ல, மிஷினு அவ வூட்ல. நான் போயி அவ வாசல்ல நின்னு கெஞ்சணும். அத பாத்து அவ குளுகுளுன்னு ஆவணும்" என்றாள் அக்கா. அன்று மட்டும் இரண்டு தட்டு நசுங்கியது.

இப்போது கறை விழுந்த கம்பளம் கூடத்தில் கிடக்கிறது. தென்றல் மெல்ல ஆரம்பித்தாள். "சித்தி கிட்ட கேட்டா குடுப்பாங்கம்மா."

"கேட்ட வாயில மண்ணு. அவ கிட்ட கேக்கறதுக்கு இத கொளுத்திடுவேன்."

"சித்திதாம்மா எனக்கு ரெண்டாங்கிளாஸ் வரைக்கும் தல பின்னி உட்டாங்க."

"அதுக்கு இன்னா இப்ப?"

கங்காவுக்கு இரண்டும் ஆண்பிள்ளைகள். சுவர் எழும்புகிறவரை தென்றல் அவள் இடுப்பில்தான் இருந்தாள். அதுவும் அக்காவுக்கு ஒரு காலத்துப் பொறாமை. பெண் குழந்தை தன்னைவிடச் சித்தியிடம் ஒட்டுகிறதே என்று.

கடைசியில் அக்காவே ஒரு வழி கண்டுபிடித்தாள். அதை அரிசி வடித்துத் தின்கிறவர்கள் தவிர வேறு யாரும் கண்டுபிடித்திருக்க முடியாது. வியாழக்கிழமை கம்பளத்தை வயல் பம்ப்செட்டுக்குத் தூக்கிப் போய், பூந்திக்கொட்டை நுரையில் ஊறப்போட்டு, நானும் அவளும் தென்றலும் மிதி மிதி என்று மிதித்தோம். ஆயில் கறை பாதிக்கு மேல் போய்விட்டது. டீக்கறையும் மங்கிவிட்டது. அக்கா முகத்தில் அப்படி ஒரு வெற்றி! ஆனால் நூலெல்லாம் நனைந்த கோழி மாதிரி படுத்துவிட்டது. புதைகிற கம்பளம் சாக்கு மாதிரி ஆகிவிட்டது.

"காட்டன் பொடவ தொவைச்சா படுத்துக்காதா? கஞ்சி போட்டா எழுந்து நிக்காதா? அதேதான் இதுவும்" என்றாள் அக்கா.

எனக்குச் சரியாகத்தான் பட்டது. பெரிய குண்டானில் வடிகஞ்சி சேர்த்து, கெட்டியாகக் காய்ச்சி, தேங்காய் நாரால் தொட்டுத் தொட்டுக் கம்பளம் முழுக்கத் தடவினோம். வெள்ளிக்கிழமை வெயிலில் காய்ந்தது. நூல் எழுந்து நின்றது, உண்மைதான். கூடவே கம்பளமும் எழுந்து நிற்கும் போல இருந்தது. பிடித்துத் தூக்கினால் பலகை மாதிரி வந்தது. சனிக்கிழமை சாயங்காலம், ஆவணிக்கு வழக்கமான மழை ஒரு பாட்டம் அடித்தது. ஓடிப்போய் எடுப்பதற்குள் நனைந்துவிட்டது. ராத்திரி முழுக்க பேனைப் போட்டு உலர்த்தினோம்.

ஞாயிற்றுக்கிழமை காலை கூடத்தில் விரித்தபோது புளித்த வாடை அடித்தது. அக்கா நாலு பக்கமும் ஊதுவத்தி கொளுத்தி வைத்தாள். பழைய கஞ்சி வாடையும் மல்லிகை வாடையும் கலந்து எப்படி இருந்ததென்று என்னால் சொல்ல முடியாது.

தாயாரம்மாள் வந்தாள். கூடவே மாப்பிள்ளையும் அவன் தாய்மாமனும். தாயாரம்மாள் ஒல்லியாக, பேசாமல் எல்லாவற்றையும் பார்க்கிற ஆள். கம்பளத்தில் உட்கார்ந்தார்கள். அப்பளம் நொறுங்குகிற மாதிரி சத்தம் வந்தது. தென்றல் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு நிமிர்ந்தபோது திருமலை அவளைப் பார்த்தான், அவள் அவனைப் பார்த்தாள். அந்த அழகான நேரத்தில்தான் தாய்மாமன் "ஐயையோ" என்று துள்ளி எழுந்து வேட்டியை உதறினார்.

எறும்பு. சுவரோரத்தில் இருந்து சாரை சாரையாக வந்து கம்பளம் முழுக்கப் பரவியிருந்தது. அரிசிக் கஞ்சியை விடுமா எறும்பு? அவர் உதறி உதறி மிதித்ததில், காய்ந்த கஞ்சி வேறு வெள்ளைப் பொடியாகப் பறந்தது. அக்கா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

தாயாரம்மாளும் எழுந்துவிட்டாள். புடவையைத் தட்டிக்கொண்டு, "நாங்க பொறப்படறோம். கலந்து பேசிச் சொல்லி அனுப்பறோம்" என்றாள். இலை நறுக்கி வைத்தது நறுக்கினபடி இருந்தது. தென்றல் சமையலறைக் கதவுக்குப் பின்னால் போய் முகத்தை மூடிக்கொண்டாள்.

"எறும்பு வந்துடிச்சிம்மா... புதுசா கஞ்சி போட்டேன்... தெரியாம..." என்று இழுத்தாள் அக்கா.

"எறும்பு எங்க வூட்லயும்தான் கீது. அதுக்காக யாரும் பொண்ண வேணாம்னு சொல்லுவாங்களா?" என்றாள் தாயாரம்மாள். "நான் வந்ததுலேர்ந்து பாத்துக்கினு கீறேன். சொவுத்துக்கு அந்தாண்ட பங்காளி வூடுன்னு சொன்னாங்க. சித்தப்பன் இல்ல, சித்திக்காரி இல்ல. பொண்ணு பாக்க வந்த எடத்துல ஓரகத்தி வந்து வாங்கன்னு கூப்பிடலன்னா, அந்த வூட்ல இன்னா சண்டையோ இன்னா வழக்கோன்னுதானே நாங்க நெனைப்போம்? எம்புள்ளய அதுல எப்படி மாட்டி உடறது?"

நடேசன் மாமா அக்காவைப் பார்த்தார். நான் அக்காவைப் பார்த்தேன். நாலு நாளாக அடித்து, தூவி, மிதித்து, கஞ்சி காய்ச்சினவளுக்கு, பக்கத்து வீட்டுக்குப் போய், "நீயும் வா" என்று ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லை. தோன்றாமல் என்ன, கம்பளம் இருக்கிற நிலைமையைக் கங்கா பார்த்துவிடக் கூடாது என்றுதான் கூப்பிடவில்லை.

அக்கா மெதுவாகக் கொல்லைப் பக்கம் போனாள். நானும் பின்னால் போனேன். சுவரருகே நின்று தொண்டையைக் கனைத்தாள். வா என்று கூப்பிட இவ்வளவு நாள் கழித்து வாய் வருமா? ஆனால் கதவுக்குப் பின்னால் மகள் அழுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"கங்கா..." என்றாள். "கங்கா, அந்த மிஷின கொஞ்சம் எடுத்துக்கினு வரியா?"

அந்தப் பக்கம் தெருக்கதவு திறக்கிற சத்தம் கேட்டது. நாங்கள் கூடத்துக்குத் திரும்புவதற்குள் கங்கா வாசலில் நின்றாள். அரக்குப் பட்டு, தலை நிறையக் கனகாம்பரம், காதில் கல் தோடு. பின்னால் வெள்ளை வேட்டியில் கோதண்டம், கையில் மிஷின் பெட்டி. அப்போதுதான் கட்டின புடவை இல்லை அது. மடிப்பு கலைந்து, உட்கார்ந்து உட்கார்ந்து கசங்கியிருந்தது. விடிந்ததிலிருந்து கட்டிக்கொண்டு கூப்பிடுவார்கள் என்று காத்திருக்கிறாள்.

"வாங்கம்மா, வாங்கண்ணா. நான்தான் பொண்ணோட சித்தி. எறும்பு மருந்து தேடிக்கினு இருந்தேன், லேட் ஆயிடிச்சி" என்று ஒரு பொய்யைச் சர்வ சாதாரணமாகச் சொல்லிவிட்டு, பெட்டியைத் திறந்தாள்.

கம்பளத்துக்கென்று தனியாக ஒரு அகல வாய் உண்டு அந்த மிஷினுக்கு. அது இன்னும் பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே இருந்தது. கங்கா பல்லால் கடித்து உறையைக் கிழித்தாள். அக்கா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"பிரிக்கவே இல்லியாடி?"

"எங்கிட்ட ஏதுக்கா கார்பெட்டு? நீ என்னிக்காச்சும் கேப்பன்னுதான் வாங்கினேன்" என்றாள் கங்கா, தலை நிமிராமல். "உன் வூட்டு சாமானு என் கையால ஒண்ணாவது சுத்தம் ஆவட்டும்னு கீது எனக்கு. உன்ன ஒரு தபா கேக்க வெக்கணும்னும் கீது. ரெண்டும்தான்."

சுவிட்சைப் போட்டாள். மிஷின் ஊளையிட்டது. எறும்பு, கஞ்சிப் பொடி, ஊதுவத்திச் சாம்பல் எல்லாம் உள்ளே போயிற்று. தாய்மாமன் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குழாய் பக்கத்திலேயே நடந்தார். நூல் எழுந்து நிற்க ஆரம்பித்தது, சிவப்பு சிவப்பாகத் தெரிந்தது. மாமா படுத்த அச்சு மட்டும் லேசாக இருந்தது. தென்றல் வந்து சித்தி தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

தாயாரம்மாள் திரும்பவும் உட்கார்ந்தாள். "இலைய போடுங்க. கை நனைச்சிட்டே போறோம்" என்றாள். பிறகு கங்காவைப் பார்த்து, "நீயும் எங்கூட உக்காரும்மா. பங்காளி வூட்டோட சாப்பிட்டாத்தான் சாப்பிட்ட மாதிரி. ஆமா, இந்த மிஷினு கரண்டு நெறைய இழுக்குமா?" என்று கேட்டாள்.

சமையலறையில் அக்கா அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தாள். கூடத்தில் மிஷின் பேச்சு ஓயவில்லை. கங்கா விளக்கிச் சொல்கிறாள், எல்லாரும் ஆ ஆ என்று கேட்கிறார்கள். அக்காவின் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது. அடுப்புப் புகை இல்லை, அது கேஸ் அடுப்பு.

"இன்னாக்கா, அதான் நல்லபடியா முடிஞ்சிடிச்சே" என்றேன்.

"எம்பொண்ணு நிச்சயத்துல அவ பேச்சுதான் பாரு" என்றாள். ஆத்திரத்தோடு மூக்கை உறிஞ்சினாள். "அது போவட்டும்டி. நான் கூப்பிடல, அவமானப்படுத்தினேன், அப்பவும் பட்டு கட்டிக்கினு உக்காந்துகீறா. என் எடத்துல அவ இருந்து, அவ எடத்துல நான் இருந்திருந்தா, கதவ சாத்திக்கினு சிரிச்சிருப்பேன். டிவி, பீரோ எல்லாம் என்னிக்காச்சும் வாங்கிடலாம். அந்த மனச எங்கடி வாங்கறது? அதுதான் என் வயித்த எரிக்குது."

சொல்லிவிட்டு முகத்தைத் துடைத்தாள். தட்டிலிருந்த அப்பளங்களைப் புரட்டி, உடையாமல் பெரிதாகப் பொரிந்திருந்த ஒன்றைத் தேடி எடுத்து, கங்காவின் இலைக்குக் கொண்டுபோனாள்.